சித்தாமூர் சாலையில் ஒரு கறுப்புக் கண்ணாடி

ஆண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஸ்டைல் என்பார்கள். பெண்கள் போட்டால், "என்னக்கா, கண் ஆபரேஷனா?" என்று கேட்பார்கள். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் கூலிங் கிளாஸுக்கு இந்த இரண்டு அர்த்தம்தான். மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு என்று எனக்குக் காட்டியது, மேல்சித்தாமூருக்கு நாங்கள் சைக்கிளில் போய் வந்த பயணம்.

மேல்சித்தாமூர் என்றதும் பல சகோதரிகளுக்கு ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பக்கமாக, சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. பெரிய சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். தமிழ் பேசும் சமணர்களுக்குத் தலைமை மடம் இங்கேதான். ஜினகாஞ்சி மடம் என்று பெயர். பெயரிலேயே காஞ்சிபுரம் இருக்கிறது பாருங்கள். ஆதியில் அங்கே இருந்த மடம்தான் பிற்பாடு இந்தச் சிற்றூருக்கு வந்தது என்கிறார்கள்.

பஸ்ஸில் போகலாமே, எதற்குச் சைக்கிள் என்று கேட்பீர்கள். என் கணவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சைக்கிள், இன்னொன்று தூண்டில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடூர் அணைப் பக்கமோ, அனுமதி கிடைத்த வேறு ஏரிப் பக்கமோ கிளம்பிவிடுவார். எனக்கும் சைக்கிள் பழக்கம் உண்டு. எங்கள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அவள் காலேஜ் போனதும் சும்மா நின்றது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது படிக்கும் பையன் அவன் சைக்கிளில் வந்தான்.

தை மாதம் இந்தப் பயணத்துக்கு ஏற்ற மாதம். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரிகளில் தண்ணீர் நிற்கும். நவரைப் பட்டத்துக்கு நடவு நடந்துகொண்டிருக்கும். பாதையின் இரண்டு பக்கமும் நீர் கட்டிய வயல்கள். மேட்டு நிலத்தில் மல்லாட்டைச் செடி, அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. காலை ஆறு மணிக்கு, கம்பளித் துணி சுற்றிக்கொண்டு கிளம்பினோம். செஞ்சிச் சாலை மேற்கே போகிறது. அதனால் காலையில் போகும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கண்ணுக்குத் தொல்லை இல்லை. தீவனூரில் பிள்ளையாரைக் கும்பிட்டு, டீ குடித்துவிட்டு மிதித்தோம்.

வெயில் ஏறியதும் சங்கதி மாறியது. தண்ணீர் நிற்கும் வயல் ஒவ்வொன்றும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி பளபளத்தது. என் கண்ணில் சாதாரணப் பவர் கண்ணாடிதான். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பிரயோஜனமில்லை. முந்தானையும் குடையும் மேலே இருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும். தண்ணீரில் பட்டுக் கீழே இருந்து எழும்பும் வெயிலை எது தடுக்கும்? வயலில் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். ஆனால் முகம் பூராவும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தது. நாள் பூராவும் அப்படித்தானே இருக்கும்!

என் கணவரோ ஒரு சிரமமும் இல்லாமல் மிதித்துக்கொண்டு போனார். காரணம் அவர் மூக்கின் மேல் இருந்தது.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. 2016இல் ஒரு மழை விட்ட காலையில், எதிர்வெயிலில் சைக்கிளில் வந்தவர், ஈரத் தார்ச்சாலையின் பளபளப்பில் எதிரே இருந்த பள்ளம் தெரியாமல் விழுந்தார். தோள்பட்டை எலும்பு விரிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தார். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். "இனிமேல் சைக்கிளைத் தொடக்கூடாது" என்று நான் ஒரே பிடிவாதம். கண் டாக்டரிடம் போனோம். தூரப் பார்வைக்கு ஏற்கெனவே இருந்த பவர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கருவிழி ஓரத்தில் சதை வளர ஆரம்பித்திருக்கிறது என்றார். வெயில், தூசி, காற்று மூன்றிலும் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்கு இது வருமாம். அவர்தான், பவரோடு சேர்த்து 'போலரைஸ்டு' கூலிங் கிளாஸ் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

போலரைஸ்டு என்றால் என்ன? என் கணவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். நம் வீட்டு ஜன்னலில் நெட்டுக் கம்பி இருக்கிறது. அப்பளக் குழவியை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிகளுக்கு நடுவே வெளியே போய்விடும். படுக்கையாகப் பிடித்தால் கம்பியில் இடித்து நின்றுவிடும். வெளிச்சமும் அலைதான். சூரியனிலிருந்து வரும்போது எல்லாப் பக்கமும் அசைந்துகொண்டு வருகிறது. தண்ணீர், ஈரச் சாலை மாதிரி தட்டையான இடத்தில் பட்டுத் தெறிக்கும்போது, அதில் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அசைகிற அலையாகிவிடுகிறது. அதுதான் கண்ணைக் குத்தும் பளபளப்பு. இந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய படலம் ஜன்னலின் நெட்டுக் கம்பி மாதிரி. படுக்கை அலையை நிறுத்திவிட்டு, மற்றதை உள்ளே விடுகிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரேயடியாக இருட்டாக்கும். பளபளப்பும் குறையும், பள்ளமும் சேர்ந்து மறையும். இது பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பள்ளத்தைக் காட்டும்.

இந்தப் படலத்தை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1930களிலேயே கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்பே நம்ம ஊர்க்காரர் ஒருவர் இதே தந்திரத்தைக் கடலில் செய்து பார்த்திருக்கிறார்! திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921இல் இங்கிலாந்து போய்விட்டு 'நார்குண்டா' கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்புதானா என்று அவருக்குச் சந்தேகம். நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி வழியாகப் பார்த்து மேற்பரப்பின் பளபளப்பை நீக்கினார். நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. தண்ணீரே வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்ற அந்த எண்ணத்தைத் தொடர்ந்து போய்த்தான் 1928இல் ராமன் விளைவு வந்தது. பளபளப்பை விலக்கினால் உள்ளே இருப்பது தெரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

வழியில் ஒரு ஏரிக்கரையில் இளைப்பாறினோம். மணி எட்டரை. சூரியன் ரொம்பத் தாழ்ந்தும் இல்லை, உச்சிக்கும் வரவில்லை. அந்த நேரத்திலும் மாலை மூன்று நான்கு மணிக்கும்தான் இந்தக் கண்ணாடியின் வேலை தண்ணீரில் நன்றாகத் தெரியும். எனக்குத் தண்ணீரில் வானமும் பனைமரமும் தெரிந்தன. அவரோ, "கீழே மூணு கெண்டை நிக்குது, பாசிக்குப் பக்கத்துல ஒரு விரால்" என்றார். கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் பவர் வேறு, அவர் பவர் வேறு; எல்லாம் மங்கல்தான். ஆனாலும் பளபளப்பு போய்ப் பச்சைத் தண்ணீருக்குள் நிழல்கள் நகர்வது தெரிந்தது. (பவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கவோ சைக்கிள் விடவோ கூடாது.)

பையனும் வாங்கிப் பார்த்தான். "அம்மா, தரை தெரியுது! முழங்கால் ஆழம்தான், இறங்கட்டுமா?" என்றான். அவன் அப்பா பேசாமல் ஒரு மூங்கில் கழியை எடுத்து அதே இடத்தில் விட்டார். பையனின் இடுப்பைத் தாண்டி நனைந்திருந்தது! தண்ணீருக்குள் இருப்பது எப்போதும் மேலே எழும்பித் தெரியும். நேர் மேலே இருந்து பார்த்தாலே நாலடி ஆழம் மூன்றடி போலத்தான் இருக்கும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். இந்தக் கண்ணாடி பளபளப்பை எடுக்குமே தவிர இந்த ஏமாற்றை எடுக்காது. தரை தெளிவாகத் தெரிவதால் குழந்தைகளுக்கு அதிகத் தைரியம் வந்துவிடும். ஏரி, குளம், கிணறு பக்கம் குழந்தைகளோடு போகும் தாய்மார்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது. தரை தெரிகிறது என்பது ஆழம் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல.

தூண்டிலை அன்று அவர் கொண்டுவரவில்லை. போகிற இடம் அப்படிப்பட்ட இடம்.

மேல்சித்தாமூருக்குள் நுழையும்போதே பார்சுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் தெரிகிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் சிவன் கோயில் கோபுரமோ என்று நினைக்கலாம். அத்தனை நம்ம ஊர் அமைப்பு. உள்ளே மண்டபங்களும் மானஸ்தம்பமும் இருக்கின்றன. பார்சுவநாதர் இருபத்து மூன்றாவது தீர்த்தங்கரர். தலைக்கு மேல் நாகம் குடை பிடித்திருக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இதைவிடப் பழையது மலைநாதர் கோயில். ஒரு பெரிய பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை இவர்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். பாறையைச் சுற்றிக் கோயில் எழும்பியிருக்கிறது. தவத்தில் அசையாமல் நின்ற பாகுபலியின் காலிலும் கையிலும் கொடி படர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அமைதியைப் பார்க்கும்போது இருபது கிலோமீட்டர் மிதித்த கால்வலி மறந்துபோகிறது.

கோயிலுக்குள் போகும்போது கறுப்புக் கண்ணாடி உதவாது. வெயிலிலிருந்து இருட்டுக்குப் போனால் படியே தெரியாமல் தடுக்கும். அதனால் என் கணவர் எப்போதும் சாதாரணப் பவர் கண்ணாடி ஒன்றையும் சட்டைப் பையில் வைத்திருப்பார். வாசலில் நின்று மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்டவும் இதே விதிதான்.

வெளித் திண்ணையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள், சமணக் குடும்பம். எங்களைப் பார்த்து, "எங்கேருந்து வரீங்க? சைக்கிள்லயா?" என்று ஆச்சரியப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். செம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பையனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாட்டி, எங்க அப்பா கண்ணாடி போட்டா தண்ணிக்குள்ள மீனெல்லாம் தெரியும்!" என்று சொல்லிவிட்டான். என் கணவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெரியம்மா சிரித்தார்கள். "அப்படியா கண்ணு? எங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத உசுரெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு. அதுங்க வயித்துக்குள்ள போயிடக் கூடாதுன்னுதான் துணி கட்டி வடிகட்டறோம்" என்றார்கள். கண்டிப்பாகச் சொல்லவில்லை, குழந்தைக்குக் கதை சொல்கிற மாதிரிதான் சொன்னார்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாததும் அதே காரணத்துக்காகத்தான் என்றார்கள். விளக்கு வெளிச்சத்தில் விழும் பூச்சியைக்கூட நினைத்துப் பார்க்கிற வாழ்க்கை!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் குழம்பு நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை சட்டி கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் குஞ்சு மீன் தூண்டிலில் மாட்டினால் என் கணவர் இப்போது திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார். சில நாட்கள் தூண்டில் போடாமல் கரையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறார். "மீன் எங்கே?" என்று கேட்டால், "அங்கேயே இருக்கு, நல்லா இருக்கு" என்கிறார். நான் ரசம் வைத்துவிடுகிறேன்.

பத்தரை மணிக்குத் திரும்பினோம். இப்போது கிழக்கே பார்த்துப் பயணம். வெயில் எதிரே வந்து கண்ணில் அடித்தது. ஏழு கிலோமீட்டரிலேயே எனக்குத் தலைவலி. ஊர் வந்து சேர்ந்த மறு வாரமே கண் பரிசோதனை செய்து, எனக்கும் ஒன்று வாங்கிவிட்டோம். இப்போது, "என்னக்கா, கண் ஆபரேஷனா?" என்று கேட்பவர்களிடம், "ஆபரேஷன் சீக்கிரம் வராமல் இருக்கத்தான்" என்று சொல்கிறேன். வெயிலின் புற ஊதாக் கதிர் வருஷக்கணக்காகக் கண்ணில் படுவது கண்புரைக்கு ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, இத்தனை வருஷம் இந்தக் கண்ணாடியோடு குடித்தனம் நடத்திய அனுபவத்தில் சில குறிப்புகள்:

போலரைஸ்டு என்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. 'யு.வி. 400' என்று இரண்டாவதும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி கெடுதல். இருட்டில் கண்மணி விரிந்து, கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். செல்போன் திரையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு சாய்வில் திரை நன்றாகக் கறுத்தால் பெரும்பாலும் அசல்தான். எங்களுக்கே முதலில் ஒரு கடையில் வெறும் சாயக் கண்ணாடியைப் போலரைஸ்டு என்று கொடுத்தார்கள். இந்தச் சோதனையில் அகப்பட்டது; திருப்பிக் கொடுத்துவிட்டோம். இன்னொரு வழி: இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் பிடித்தால் ஏறக்குறைய முழு இருட்டாகும்.

இதே காரணத்தால், வெயிலில் செல்போன் திடீரென்று கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இளநீர்க் கடையில் பணம் அனுப்பப் போன என் கணவர், போன் செத்துவிட்டது என்று இரண்டு தரம் தட்டினார்! போனைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாலையில் தண்ணீரோ எண்ணெயோ சிந்தியிருந்தால் அதன் பளபளப்புதான் நம்மை எச்சரிக்கும். இந்தக் கண்ணாடி அதையும் மறைக்கும். மழை நாளில் வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள்.

சில்லு எளிதில் உடையாத பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். விழுந்தால் கண்ணுக்கு ஆபத்து குறைவு. நிறத்தில் சாம்பல், உள்ளதை உள்ளபடி காட்டும். பழுப்பு, மேடு பள்ளத்தையும் கலங்கல் தண்ணீரையும் எடுத்துக் காட்டும். என் கணவருடையது பழுப்பு.

முந்தானையால் உலரத் துடைக்காதீர்கள். தூசி, சில்லில் கீறல் போடும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு சோப்பு நீர் தடவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வண்டிப் பெட்டியிலும் வைக்காதீர்கள். சூட்டில் படலம் பிரிந்து ஓரத்தில் கொப்புளம் மாதிரி தெரியும். அவருக்கு 2019இல் அப்படி ஆகி, சில்லை மாற்றினோம். 2023இல் பவர் மாறியதால் மறுபடி மாற்றினோம். பிரேம் மட்டும் அதே 2016 பிரேம்தான்!

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு ஆரம்பித்தது இன்று பல ஊர்களில் இருக்கிறது. கிராமங்களில் முகாம் போடும்போதும் போய்க் காட்டலாம்.

பவரோடு சேர்ந்தால் விலை சில ஆயிரம் ஆகிவிடுகிறது, எல்லோராலும் முடியாது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளத்தில், வெள்ளை உப்பும் தண்ணீரும் சேர்ந்து அடிக்கிற வெயிலில் பெண்கள் வெறுங்கண்ணோடு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பவர் தேவைப்படாதவர்களுக்குப் பவர் இல்லாத போலரைஸ்டு கண்ணாடி இதைவிட மலிவாகவே கிடைக்கிறது. மகளிர் குழுவில் ஒரு மாதச் சேமிப்பிலிருந்து நடவுக்கும் உப்பளத்துக்கும் போகிற பெண்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமே என்று எங்கள் தெருக் குழுவில் பேச்சு எடுத்திருக்கிறேன். உங்கள் குழுவிலும் பேசிப் பாருங்கள்.

மேல்சித்தாமூர் போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். நேரம் இருந்தால் செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்றையும் பாருங்கள். ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக இருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. திறந்த பாறை, நல்ல வெயில். தண்ணீர்ப் பாட்டிலோடு கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.